ஏழு மாதமாக அணையாத செக் எஞ்சின் லைட் (நோர்வுட், 1300 சிசி பெற்றோல் கார்)

நோர்வுட் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் காருக்காக எழுதுகிறேன். 2011 ஜப்பான் ரீகண்டிஷன், 1300 சிசி பெற்றோல், ஆட்டோ கியர். கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று போய்விடும், எனக்குத் தெரிய வேண்டியது லைட் ஏன் எரிகிறது என்பது மட்டும்.

ஏழு மாதமாக டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரிகிறது. மஞ்சள் லைட், மின்னவில்லை, சீராக எரிகிறது. அப்பா இந்தக் காரில்தான் ஹயர் ஓடுகிறார். தோட்டத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரி, ஹட்டன் ஸ்டேஷன், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை கினிகத்தேனை, கித்துல்கல வழியாகக் கொழும்பு. நடுராத்திரியில் லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியோடு காத்திருக்கும்போது இந்த வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது. அதனால்தான் இவ்வளவு தூரம் இதைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை செய்தது: முதலில் டவுனில் ஒரு கராஜில் ஸ்கேன் போட்டுப் பார்த்து ஒக்சிசன் சென்சர் என்றார்கள். பழைய சாமான் கடையில் 24,000 ரூபா கொடுத்து வாங்கிப் போட்டோம். நான்கு நாள் லைட் இல்லை, ஐந்தாம் நாள் வந்துவிட்டது. அப்புறம் வேறொருவர் பிளக் கறுத்திருக்கிறது என்று நான்கையும் மாற்றினார். மறுபடி ஒரு வாரம். அதற்குப் பிறகு பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடும் என்று யாரோ சொல்ல, அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அதைச் செய்கிறார். மூன்று நான்கு நாளில் திரும்ப எரிகிறது. வண்டி இழுவையில் பெரிய குறை இல்லை, ஆனால் முன்பு லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடியது இப்போது ஒன்பதுதான் ஓடுகிறது. அடுத்த மாதம் வருஷ லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது. எங்கே இருந்து தொடங்குவது?

பண்டாரவளை டீச்சர்:

தம்பி, முதலில் பெற்றோல் டேங்க் மூடியைப் பாருங்கள். எனக்குப் போன வருஷம் இதே லைட். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்துப்போய், டேங்கிலிருந்து ஆவி கசிகிறது என்று வண்டி சொல்லிக்கொண்டிருந்தது. வண்டிக் கம்பியூட்டர் காட்டும் கோளாறு நம்பர், அதாவது கோட், பி0455. புது மூடி போட்டதும் சரி. பெற்றோல் அடித்துவிட்டு மூடியை ஒரு தடவை மட்டும் திருப்பி விட்டாலும் இப்படி வரலாம், 'டிக்' சத்தம் கேட்கும்வரை திருப்ப வேண்டும். காசில்லாத வேலை என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

தலவாக்கலை லொறிக்காரர்:

நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன். மேலே வந்தால் காற்று மெலிசு. கொழும்பில் ஓடுவதற்குச் செய்த எஞ்சின் நம் உயரத்தில் மூச்சுத் திணறும், பிளக் கறுக்கும், பெற்றோல் குடிக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரில் ஜெட்டை, அதாவது பெற்றோல் வரும் சின்னத் துளையை, மாற்றி ஓடினோம். இப்போது கம்பியூட்டர் லைட் போட்டுக் காட்டுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். லைட்டுக்கு மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஓடு மகன்.

கம்பளை ஸ்கேன்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை வைத்துத்தான் மறுக்கிறேன். காபரேட்டருக்கு நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நுவரெலியா 1868 மீற்றர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெற்றோலை ஊற்றும், கரி பிடிக்கும். ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது, எரிந்து வெளியே வரும் புகையை ஒக்சிசன் சென்சர் பார்க்கிறது, இரண்டையும் வைத்துப் பெற்றோலைக் கூட்டிக் குறைப்பது கம்பியூட்டர் வேலை. உயரத்துக்காக மட்டும் லைட் எரிவதென்றால் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எல்லா வண்டியிலும் எரிய வேண்டும். டேப் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். நாளைக்கு உண்மையிலேயே மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாத கோளாறு, வந்து லைட் மின்னினால் அப்பாவுக்குத் தெரியாமல் போய்விடும்.

தம்பி, உங்கள் பதிவில் எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை: கோட் நம்பர். 'ஒக்சிசன் சென்சர்' என்பது ஒருவர் சொன்ன முடிவு. வண்டி என்ன நம்பர் சொன்னது? உதாரணமாக பி0135 என்றால் அந்த சென்சரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்று நேராகவே சொல்கிறது. பி0171 என்றால் பெற்றோலுக்குக் காற்று அதிகம் என்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது அதே ஒக்சிசன் சென்சர்தான், குற்றவாளி பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும். வெடித்த ரப்பர் ஹோஸ், அழுக்கான ஏர் சென்சர், களைத்த பெற்றோல் பம்ப் என்று. தகவல் கொண்டுவந்தவனைக் கழற்றிப் போட்டால் கோளாறு போகாது.

இன்னொன்று, பற்றரி வயரைக் கழற்றுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்பதைக் கம்பியூட்டர் ஒரு படம்போல் எடுத்து வைத்திருக்கும். வேகம், சுற்று, சூடு, சுமை எல்லாம். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஞாயிறுதோறும் அப்பா அழிப்பது அதைத்தான். லைட் வந்ததும் கையை வைக்காமல் ஸ்கேனர் உள்ள ஒருவரிடம் கொண்டுபோய் நம்பரையும் அந்தப் படத்தையும் போனில் படம் பிடித்துப் போடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள சொக்கட் இருக்கும், அதில்தான் மாட்டுவார்கள்.

நோர்வுட் தம்பி:

நன்றி அண்ணன். டீச்சர், மூடியைப் பார்த்தேன், ரப்பர் நன்றாக இருக்கிறது. லைட் இப்போது இல்லை, ஞாயிறு அழித்ததால். வந்ததும் எழுதுகிறேன். கோட் நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, அவர்களும் காட்டவில்லை.

நோர்வுட் தம்பி:

வியாழன் காலை லைட் வந்தது. அப்பா கொழும்பு ஹயர் முடித்து வந்த மறுநாள். ஹட்டனில் ஒருவர் ஸ்கேன் செய்து கொடுத்தார். ஒரே ஒரு கோட், பி0128. கூலண்ட், அதாவது எஞ்சினை ஆற்றும் தண்ணீர், அதன் சூடு தெர்மோஸ்டட் அளவுக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தில் இருந்தது இது: கூலண்ட் 61 டிகிரி, வேகம் 38, உள்ளே போகும் காற்று 19 டிகிரி, எஞ்சின் ஸ்டார்ட் செய்து 24 நிமிடம்.

சூடு கூடினால் கெடுதல் என்று தெரியும். குறைந்தால் என்ன? குளிர் ஊர்தானே இது.

நாவலப்பிட்டி பாஸ்:

தம்பி, இதைத்தான் ஏழு மாதமாக வண்டி உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

24 நிமிடம் ஓடிய எஞ்சின் 61 டிகிரியில் இருக்கக் கூடாது, நுவரெலியாக் குளிரிலும் கூடாது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டட் வால்வு என்று ஒன்று இருக்கிறது. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி. குளிரில் மூடியிருக்கும், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகிப் பருத்து வால்வைத் திறக்கும், அப்போதுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். ஜப்பான் வண்டிகளில் 82, 88 என்று வரும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால், அல்லது அது இல்லவே இல்லையென்றால், ஸ்டார்ட் செய்த நேரம் தொட்டே ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும். வெளிக்காற்று இவ்வளவு, ஓடிய நேரம் இவ்வளவு, சுமை இவ்வளவு, அப்படியானால் இந்நேரம் இத்தனை டிகிரி வந்திருக்க வேண்டும் என்று கம்பியூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வராவிட்டால் குறித்துக்கொள்ளும். பெரும்பாலான கோளாறுகளுக்கு இரண்டு பயணத்தில் தொடர்ந்து அதே குறை தெரிந்தால்தான் லைட் போடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மூன்று நான்கு நாள் கழித்து வருகிறது.

நம் ரோட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கீழ்நாட்டில் சமதரையில் ஓடினால் வால்வு இல்லாத எஞ்சின்கூட எப்படியோ எழுபதைத் தொட்டுவிடும். இங்கே வட்டவளை தாண்டி இறங்கும்போது அக்சிலேட்டரில் கால் இல்லை, கியரில் இறங்குகிறது, கம்பியூட்டர் பெற்றோலையே நிறுத்திவிடும். எரிவது ஒன்றுமில்லை, முன்னால் ஈரக்காற்று அடிக்கிறது. சூடு சரசரவென்று இறங்கும்.

பெற்றோல் ஏன் கூடுதலாகக் குடிக்கிறது, பிளக் ஏன் கறுக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து அது கூட ஊற்றிக்கொண்டே ஓடுகிறது.

மூன்று கேள்வி. டாஷ்போர்ட் மீற்றரில் சூட்டு முள் இருக்கிறதா, அல்லது குளிருக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு என்று லைட்தானா? ஹீட்டர் போட்டால் சூடான காற்று வருகிறதா? இதற்கு முன் எப்போதாவது இந்த வண்டி சூடேறி நின்றிருக்கிறதா?

காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கையை வைத்துப் பாருங்கள். வால்வு நல்லதென்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அது குளிராகவே இருந்து, பிறகு திடீரென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை. சில வண்டியில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அதில் கீழ் ஹோஸைத் தொட வேண்டும். ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கும், சேலை, துண்டு, சட்டைக் கை கிட்டே போகக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்கக் கூடாது.

நோர்வுட் தம்பி:

பாஸ், இன்று விடிய ஐந்தரைக்கு நானும் அப்பாவும் செய்து பார்த்தோம். வாசலில் நல்ல பனி, பொனட்டில் கை வைத்தால் விறைக்கிறது. மேல் ஹோஸ் கல்போல் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்து கையை எடுக்காமல் பிடித்திருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பு தெரிந்தது. பிறகு தேநீர்க் கோப்பையைப் பிடித்திருப்பதுபோல மெல்ல ஏறிக்கொண்டே போனது. திடீரென்று சுடவே இல்லை. ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்ட நிமிடத்திலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது, எஞ்சின் குளிராக இருக்கும்போதே. எங்களுக்கு அது பழகிப்போன சத்தம், அதில் பிழை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

சூட்டு முள் கிடையாது, நீல லைட்தான். அப்பா இன்று சொல்கிறார், கினிகத்தேனைக்கு இறங்கும்போது அணைந்த நீல லைட் திரும்ப எரியும் என்று. பல மாதமாகப் பார்த்திருக்கிறார். மழையும் குளிருமான இடம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஹீட்டரில் சூடே இல்லை, மூடுபனியில் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டுகிறார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போன வருஷம் அதே ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும்போது சிவப்பு லைட் எரிந்து நின்றிருக்கிறது. வழியில் ஒரு கராஜில் பார்த்து, 'மலைக்கு இது தேவையில்லை' என்று எதையோ கழற்றி அப்பா கையில் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு சூடேறவில்லை, அதனால் நல்ல வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ஒன்று பயமாக இருக்கிறது. எஞ்சின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் பசைபோல ஒட்டியிருக்கிறது. விரலால் வழித்தால் வருகிறது.

மாத்தளை வேன்:

தம்பி, அது ஹெட் கஸ்கட், எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு போயிருக்கிறது. ஒயிலோடு தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். எங்கள் வேனுக்கு அப்படித்தான் வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் போனது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

நாவலப்பிட்டி பாஸ்:

அவசரப்பட வேண்டாம். ஒயில் மூடியில் இருக்கும் பசையை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றி, கழற்றிய பிறகு கஸ்கட் புதுசுபோல் இருந்ததைப் பார்த்து நின்ற வேலைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காசு யாருடைய காசு?

தம்பி, ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் ஒயில் சுத்தமான தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்து, மூடியில் மட்டும் பசை இருந்தால் அது உள்ளே வேர்த்த தண்ணீர். எஞ்சின் சரியாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். 60 டிகிரியில் ஓடும் எஞ்சினில் போகாது, மேலே குளிர்ந்த மூடியில் ஒயிலோடு சேர்ந்து பால் தேநீராக நிற்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, தண்ணீரில் ஒயில் மிதக்கிறதா, காலையில் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கஸ்கட்டைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஆனால் ஒயிலை மாற்றிவிடுங்கள். எரியாத பெற்றோலும் அதில் இறங்கியிருக்கும், மெலிந்த ஒயில் பேரிங்குக்கு நல்லதல்ல.

நோர்வுட் தம்பி:

டிப் ஸ்டிக்கில் ஒயில் கறுப்பு, பசை இல்லை. தண்ணீர் குறையவில்லை. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம், பிறகு இல்லை. நேற்று இரவு தூங்கவில்லை, இப்போது மூச்சு வந்தது.

தலவாக்கலை லொறிக்காரர்:

பாஸ், நான் சும்மா இருக்க முடியாது. வால்வைக் கழற்றுவதை நாங்கள் எல்லோரும் செய்திருக்கிறோம். ரம்பொடை ஏற்றத்தில் முழு லோட்டோடு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே போகப்போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், நுவரெலியாவில் சோறு வேகவே கூட நேரம் எடுக்கிறது. அப்படியிருக்க எஞ்சினை எவ்வளவு குளிராக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. வால்வு மூடியபடி சிக்கினால் நடுரோட்டில் ஹெட் போய்விடும். கழற்றி வைத்தால் அந்தப் பயமே இல்லை.

நாவலப்பிட்டி பாஸ்:

ஐயா, நீங்கள் சொல்லும் பயம் உண்மை. திறந்த பாத்திரத்தில் நுவரெலியாத் தண்ணீர் 94 டிகிரி அளவில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரமில்லை, பிரஷர் குக்கர். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், அது அந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தம். 1.1 மூடி நன்றாக இருந்தால் நம் உயரத்திலும் 110 டிகிரி தாண்டியும் கொதிக்காது. கொதிக்கிறதென்றால் மூடியின் ரப்பர் போயிருக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஃபேன் சுற்றவில்லை. அதைத் தேடாமல் வால்வைக் கழற்றினால் நோய் உள்ளேயே இருக்கிறது.

பழைய லொறிகளில் கழற்றி ஓடினோம், நானும் என் குருவோடு செய்திருக்கிறேன். ஆனால் பல எஞ்சின்களில் இந்த வால்வுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, பின்பக்கத்திலுள்ள தட்டால் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட எஞ்சின் இறக்கத்தில் குளிர்ந்து, முழுச் சுமை ஏற்றத்தில் முன்பைவிடச் சூடேறும். எந்த ஏற்றத்துக்குப் பயந்து கழற்றினோமோ அந்த ஏற்றத்திலேயே நம்மைக் கைவிடும்.

தம்பி, உங்களுக்கு வேலை இரண்டு. வால்வு வாங்கிப் போடுவது ஒன்று. போன வருஷம் ஏன் சூடேறியது என்று கண்டுபிடிப்பது அதைவிட முக்கியம். ஃபேன் சாவியோடு சேர்ந்து சுற்றுகிறது என்றீர்களே, அதை யாரோ டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள். ஏன் பண்ணினார்கள் என்று வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இதை முடிக்காமல் வால்வைப் போட்டு ஏற்றத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பண்டாரவளை டீச்சர்:

இடையில் ஒரு கேள்வி. என் தங்கை ஹப்புத்தளையில் இருக்கிறாள். அவள் வண்டியில் ஏற்றத்தில் மட்டும் இந்த லைட் மின்னி மின்னி எரிகிறது, வண்டி உதறுகிறது, சமதரையில் இரண்டும் இல்லை. இதே வால்வாக இருக்குமா?

கம்பளை ஸ்கேன்:

இல்லை டீச்சர், அது வேறு. மின்னினால் மிஸ்ஃபயர். சுமையில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெற்றோல் நேராகச் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிக் கன்வேட்டருக்குப் போய் அங்கே எரியும், அதை உருக்கிவிடும். அது பிளக்கைவிடப் பல மடங்கு விலை. மின்னும்போது தங்கையைக் காலை எடுக்கச் சொல்லுங்கள், ஓரமாக நிறுத்தட்டும். கோட் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர் நம்பர். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பரும் கூடவே மாறினால் கொயில், மாறாவிட்டால் பிளக்கிலும் இன்ஜெக்டரிலும் தேட வேண்டும். தள்ளிப் போட வேண்டாம்.

நோர்வுட் தம்பி:

நீண்ட பதிவு, மன்னிக்கவும். நேற்று முழு நாளும் வேலை நடந்தது.

வால்வு இருக்க வேண்டிய ஹவுசிங்கைக் கழற்றினோம். உள்ளே வால்வு இல்லை, வெறும் ஓட்டை. சுற்றிலும் துருப்பிடித்துச் செம்மண் நிறம். அந்தக் கராஜில் கூலண்டுக்குப் பதில் பைப் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஃபேன் வயரைப் பிடித்துப் போனால், ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயைத் தாண்டி ஒரு சிவப்பு வயர் சாவி லைனுக்கு நேராக முறுக்கிக் கட்டியிருந்தது, டேப்கூட சரியாகச் சுற்றவில்லை. ரிலேயைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்றது. ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. ஆக போன வருஷம் ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தபோது ஃபேன் சுற்றவில்லை, அதனால் சூடேறியது. ரிலே 1,800 ரூபா. அதை மாற்றாமல் வால்வையும் கழற்றி, வயரையும் டைரக்ட் செய்து, அதிலிருந்து லைட் வந்து, அந்த லைட்டுக்கு நாங்கள் 24,000 ரூபாவுக்கு சென்சர் வாங்கியிருக்கிறோம். அப்பா அந்த ரிலேயை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புது ரிலே போட்டு, வயரைப் பழையபடி ஆக்கி, வால்வு வாங்கிப் போட்டு, உள்ளே சுத்தமாகும்வரை கழுவி, கூலண்ட் பாதி தண்ணீர் பாதி ஊற்றினோம். ரேடியேட்டர் மூடியும் புதுசு. ஒயிலும் மாற்றியாயிற்று. கோட்டை அழித்தோம்.

நோர்வுட் தம்பி:

ஐந்தாம் நாள் லைட் திரும்ப வந்துவிட்டது. அதே பி0128. ஹீட்டர் முன்பைவிடச் சூடு, நீல லைட் திரும்ப வரவில்லை, ஆனால் ஸ்கேனரில் நேராக ஓடும்போது 74, 75, இறக்கத்தில் 69. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு விட்டுப் போச்சு.

கம்பளை ஸ்கேன்:

மனசு விட வேண்டாம், 61ல் இருந்து 74க்கு வந்திருக்கிறீர்கள். வழி சரி. இனி இரண்டுதான் சந்தேகம்: சூட்டு சென்சர் பொய் சொல்கிறது, அல்லது வால்வு இந்த எஞ்சினுக்கு உரியதல்ல.

சென்சரை முதலில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, கூலண்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். கரண்ட் பார்க்கும் மீற்றர் இருந்தால் சென்சர் இரண்டு காலுக்கும் இடையில் ஓம் (மின்தடை) பாருங்கள். 20 டிகிரியில் 2,000க்கும் 3,000க்கும் இடையில், 80 டிகிரியில் 200க்கும் 400க்கும் இடையில் இருப்பது வழக்கம். அது சரியென்றால் வால்வை மறுபடி கழற்றி அதன் விளிம்பைப் பாருங்கள், ஒரு நம்பர் குத்தியிருக்கும்.

நோர்வுட் தம்பி:

காலையில் கூலண்ட் 16, காற்று 17. சென்சர் நல்லது.

வால்வைக் கழற்றினேன். விளிம்பில் 76.5 என்று இருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் 88. கடைக்காரர் அளவு ஒன்றுதான், பொருந்தும் என்று கொடுத்தார், பொருந்தத்தான் செய்தது.

நாவலப்பிட்டி பாஸ்:

அதுதான் விஷயம். 76.5 சூடான நாட்டு வால்வு, அளவு ஒன்றாகவே இருக்கும். 88 கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் வீட்டில் சோதித்துவிட்டே போடுங்கள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், வால்வை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு தெர்மோமீற்றர். 88க்கு முன்னாலோ பின்னாலோ ஒன்றிரண்டு டிகிரியில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும், இன்னும் சூடேற்றினால் முழுக்கத் திறக்க வேண்டும், வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுக்க மூட வேண்டும். விளிம்பில் ஒரு சின்ன ஊசி ஆடும், அது மேல் பக்கம் பார்க்க மாட்டுங்கள், அந்த வழியாகத்தான் காற்று வெளியேறும்.

கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் முகப்பு ஏற்றப் பக்கம் பார்க்க நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய் உயரமான இடமாகும், உள்ளே இருக்கும் காற்று மேலே வரும். எஞ்சின் குளிராக இருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் பொனட்டை மூட வேண்டாம்.

இந்தத் தடவை கோட்டை அழிக்காதீர்கள். கோளாறு உண்மையில் போயிருந்தால் தொடர்ந்து மூன்று நல்ல பயணத்துக்குப் பிறகு லைட்டை அதுவே அணைத்துக்கொள்ளும். நாம் அணைத்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. அது அணைத்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும். கியரில் இறங்கினால் பெற்றோல் போவதே இல்லை. நியூட்ரலில்தான் போகிறது, பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

நோர்வுட் தம்பி:

88 வால்வு கண்டியில் கிடைத்தது, 5,500 ரூபா. அம்மாவின் பால் பாத்திரத்தில்தான் சோதித்தேன். 86 டிகிரி வரை அசையவில்லை, 87ல் ஒரு மயிரிழை, 95 வரும்போது நன்றாகத் திறந்துவிட்டது. வெளியே எடுத்ததும் மெல்ல மூடியது. அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் கையில் ஒரு வருஷத்துக்கு முன்பு கொடுத்தனுப்பிய பழைய வால்வு லாச்சியில் இன்னும் இருந்தது, அதையும் போட்டுப் பார்த்தோம். அது 88, அதுவும் சரியாகத் திறந்து மூடியது. நல்ல வால்வைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

திங்கள் போட்டோம். செவ்வாய் ஹட்டன் போய் வந்தார், புதன் டிக்கோயா, வியாழன் நுவரெலியா. வெள்ளி காலை ஸ்டார்ட் செய்தபோது லைட் ஒரு கணம் எரிந்து, மற்ற லைட்டுகளோடு சேர்ந்து அணைந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திரும்ப ஓஃப் செய்து ஓன் செய்து இன்னொரு தடவை பார்த்தார்.

நேற்று நான் கூடவே போனேன், ஸ்கேனரை மாட்டிக்கொண்டு. கினிகத்தேனை ஏற்றத்தில் 93 வரை போனது, ஃபேன் சுற்றியது, இறங்கியது. இறக்கத்தில் 86க்குக் கீழே போகவில்லை. ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது, கண்ணாடி துடைக்கும் துணியை அப்பா பின் சீட்டில் எறிந்துவிட்டார். லீற்றருக்குப் பதினொன்றரை வந்திருக்கிறது. புகைப் பரிசோதனையும் நேற்றே எடுத்தோம், தேறிவிட்டது.

கம்பளை ஸ்கேன் அண்ணன், பாஸ், டீச்சர், எல்லோருக்கும் நன்றி. பாஸ், நாவலப்பிட்டி பக்கம் வந்தால் அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

பண்டாரவளை டீச்சர்:

சந்தோஷம் தம்பி. தங்கையின் வண்டிக்கு பி0303. கொயிலை மாற்றிப் போட்டோம், பி0302 ஆகிவிட்டது. கொயில் வாங்கியாயிற்று.

தலவாக்கலை லொறிக்காரர்:

எல்லாவற்றையும் படித்தேன். என் வேனில் பதினொரு வருஷமாக வால்வு இல்லை, நான்தான் கழற்றினேன். இரண்டு வருஷமாக ரதல்ல ஏற்றத்தில் மட்டும் சூடேறுகிறது, ரேடியேட்டரை இரண்டு தடவை கழுவியும் நிற்கவில்லை. பைபாஸ் பற்றி பாஸ் எழுதியதைப் படித்த பிறகு இன்று காலை ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் இன்னொரு வழி திறந்துதான் இருக்கிறது. பாஸ், இதற்கு எந்த நம்பர் வால்வு போட வேண்டும்?

நாவலப்பிட்டி பாஸ்:

எஞ்சின் நம்பரை எழுதுங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன். பின்னால் தட்டு உள்ள வால்வாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுவரை லோட் ஏற்ற வேண்டாம்.